நாக்கின் அடியில்

...அதனால் ரத்தம்தான் முதலில், ரத்தம் என்றால் ஒரே ஒரு ஊசி, ஒரு சின்னக் குப்பி, அதை மதுரை பஸ்ஸில் யாரிடமாவது கொடுத்து அனுப்புவார்கள், முடிவு நாளைக்குத்தான் வரும், நாளைக்குள் எதுவும் ஆகலாம், பூனைக்குத் தன்னாலேயே சரியாகிவிடலாம், பூனைகளுக்கு அப்படி ஆவதுண்டு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், யார் சொன்னது... யாரும் சொல்லவில்லை, இப்போதுதான் மாரிசெல்வி தானாகவே சொல்லிக்கொண்டாள். மடியில் பிளாஸ்டிக் கூடை இருந்தது. கூடையின் வாயைப் பழைய துப்பட்டாவால் கட்டியிருந்தாள். துப்பட்டாவுக்குள் பூனை, பூனைக்குள்... அதற்கு மேலே அவள் நினைப்பு போகவில்லை, வாசலில் செருப்பைக் கழற்றுகிறவளைப் போல அங்கேயே நின்றுகொண்டது. டாக்டர் பெர்சிஸ் மூன்றையும் விரல் மடக்கித்தான் சொன்னார், "ரத்தம் பாக்கலாம், எக்ஸ்ரே படம் எடுக்கலாம், வயித்த ஸ்கேன் பண்ணலாம். எத மொதல்ல பாக்கணும்ங்கிறது நீ சொல்றத வச்சுத்தாம்மா இருக்கு. வீட்டுல என்னத்தையாவது முழுங்குச்சா, யோசிச்சுச் சொல்லு. ஸ்கேன் பாக்குறவுக ஏழு மணிக்குக் கெளம்பிருவாக, அதுக்குள்ள முடிவு பண்ணிக்கோ." யோசிக்கிறேன் மேடம் என்று சொல்லிவிட்டு அவள் வெளியே பெஞ்சுக்கு வந்துவிட்டாள். யோசிக்க என்ன இருக்கிறது? இருக்கிறதா இல்லையா என்று யோசிக்கலாம், பார்த்தோமா பார்க்கவில்லையா என்று யோசிக்கலாம்.

மற்றதையெல்லாம் அவள் வரிசையாகத்தான் சொன்னாள். முதலில் நுரையாக வாந்தி, அப்புறம் மஞ்சளாக, அப்புறம் ஒன்றும் வராமல் வெறுமனே வயிறு எக்கி எக்கி இழுப்பது, வெளிக்குப் போவது நின்றது, தண்ணீர்க் கிண்ணத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டு குடிக்காமல் தண்ணீரையே பார்ப்பது, எச்சில் ஒழுகுவது, முன்னங்காலால் தாடையைத் தேய்த்துக்கொண்டே இருப்பது. "நல்லா வரிசையா சொல்றியே, என்ன படிக்கிற?" என்று டாக்டர் கேட்டார். பகலில் அச்சகத்தில் காலண்டர் தாள் சரிபார்க்கிற வேலை, சாயங்காலம் கம்ப்யூட்டரில் கணக்கு எழுதுகிற டேலி கிளாஸ் என்றாள். அது உண்மை. வரப்போகும் வருஷத்தின் தேதிகள் கட்டம் மாறாமல் விழுந்திருக்கின்றனவா என்று பார்ப்பது அவள் வேலை, ஊரில் யாரும் இன்னும் காணாத நாட்களை அவள் ஆடி மாதத்திலேயே பார்த்து முடித்துவிட்டாள், எந்த நாளும் வெறும் கட்டம்தான், எதற்குள்ளும் ஒன்றும் எழுதியிருக்காது. கிளாஸில் மாஸ்டர் தினமும் நாட்குறிப்பு டைப் அடிக்கச் சொல்கிறார், கை பழகுமாம். அவள் எழுதுகிற ஒவ்வொரு வாக்கியமும் 'என்று நினைக்கிறேன்' என்றுதான் முடிகிறதாம், மாஸ்டர் எல்லோர் முன்னாலும் சிரித்தார், "இன்னைக்கு மழை பெஞ்சதுன்னு நினைக்கிறேனாம், ஏம்மா, நனைஞ்சியா நனையலயா?" என்று. நனைந்திருந்தாள். ஆனாலும் அது மழைதானா என்று எழுதும்போது சந்தேகம் வந்துவிட்டது, மாடியிலிருந்து யாராவது தண்ணீர் ஊற்றியிருக்கலாம் அல்லவா... அதே போலத்தான் இதுவும். பூனையின் வாய் ஓரத்தில் கறுப்பாக ஒரு நுனி தொங்கியதைப் பார்த்தாள் என்று நினைக்கிறாள். அது சிரிக்கிறது என்றுதான் முதலில் தோன்றியது, ஒரு பக்கமாக உதட்டைக் கோணிச் சிரிப்பது போல, அவள் கை நீட்டுவதற்குள் அந்தச் சிரிப்பு உள்ளே போய்விட்டது. அது அந்தி நேரம், வெளிச்சம் குறைவு. எலி வாலாக இருக்கலாம். இருக்கலாம் அல்லவா? கறுப்பாக, நூல் மாதிரி, பளபளவென்று ஒரு எலி வால்.

பக்கத்தில் சிப்பிப்பாறை நாயோடு உட்கார்ந்திருந்தவர் நெடுநேரமாகக் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார். முனியசாமி என்று உள்ளே பெயர் கொடுத்தார், மல்லாங்கிணறு பக்கத்திலிருந்து நாயை ஆட்டோவில் ஏற்றி வந்திருக்கிறார். நாய் எலும்பும் தோலுமாக இருந்தது, அந்த வகை நாய் அப்படித்தான் இருக்கும், ஆனால் அது உட்காரவே இல்லை, கூடையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க முடியுமோ அவ்வளவு தள்ளிச் சுவரோடு சுவராக நின்றது. "ஏத்தா, உள்ள என்ன, பூனையா? பூனைக்கா ஸ்கேனு?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார், "எங்க மாமனாருக்கே எடுக்கல. வெத்தலையில கசாயத்தக் கொட்டி வாயில ஊத்துனோம், மனுசன் எந்திரிச்சு நடந்துட்டாரு." அவள் துப்பட்டாவின் முடிச்சை இறுக்கினாள். "நடந்து எங்கன போனாரு தெரியுமா? சுடுகாட்டுக்கு. அடுத்தவன் எழவுக்குத்தான், பயந்துராத" என்று மறுபடி சிரித்தார். பிறகு நாயின் கயிற்றை இழுத்துப் பார்த்தார், அது அசையவில்லை. "என்னலே இப்பிடி நடுங்குற, முயலப் பாத்தா மூணு காடு தாண்டுற பய, செத்த பூனைக்கா பயப்படுற?" என்றார். "சாகல" என்றாள் மாரிசெல்வி. "அய்ய, ஒரு பேச்சுக்குச் சொன்னேன் தாயி." நாய் பூனையைப் பார்த்துப் பயப்படவில்லை, வாசம் பார்த்துப் பயப்படுகிறது என்று அவளுக்குத் தோன்றியது. என்ன வாசம்? அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த வாசத்திலேயே கிடந்தால் எப்படித் தெரியும்... வீட்டுக்குள் நுழைகிற யாருக்காவது தெரிந்திருக்குமோ? யார் நுழைந்தார்கள்? கொஞ்ச நாளாக யாரும் நுழையவில்லை. விஸ்வநத்தத்தில் அவர்கள் தெருவில் யாரும் யார் வீட்டுக்குள்ளும் இப்போது நுழைவதில்லை, வாசலோடு பேசிவிட்டு வாசலோடு போய்விடுகிறார்கள். வெயில் காரணம் என்று நினைத்திருந்தாள்.

அம்மா வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியை, வெடி விபத்துக்குப் பிறகு பூட்டிச் சீல் வைத்துவிட்டார்கள். வேறு கம்பெனிகளில் ஆள் எடுக்கவில்லை. தீபாவளி சீசனுக்கு முன்னால் ஒரு ஏஜெண்ட் வந்து, கயிற்றுக் கட்டிலில் உட்காராமலே நின்றபடி பேசி, நூல் கட்டுகளை இறக்கிவிட்டுப் போனான். திரி வேலை. வெடியில் வைக்கிற திரி, நூலில் வெடிமருந்து பூசிக் காயவைத்துத் துண்டு போட்டுக் கொடுக்க வேண்டும், அதை வீட்டில் வைத்துச் செய்யக் கூடாது, செய்தால் ஜெயில், அது ஊர் முழுக்கத் தெரிந்த சட்டம். "இந்த ஒரு சீசன் மட்டுந்தான் செல்வி" என்றாள் அம்மா, "அதுக்கப்புறம் சத்தியமா விட்டுருவேன்." அன்றிலிருந்து வீட்டில் அடுப்பு விடியலில் மட்டும் எரிந்தது. போனை அணைத்துக் குளிக்கிற இடத்து மாடத்தில் வைத்துவிட்டுத்தான் அம்மா உள் அறைக்குள் போவாள். தட்டு விழக் கூடாது, வளையல் உரசக் கூடாது, கதவைச் சாத்தும்போது கூடக் குழந்தையைக் கிடத்துவது போலச் சாத்த வேண்டும், இப்போது அந்த வீட்டில் சத்தம் என்று எதுவுமே இல்லை, இருமல் வந்தால் வெளியே போய் இருமிவிட்டு வருகிறார்கள். பசைக்கு அம்மா மைதா வாங்குவதில்லை, சோறு வடித்த கஞ்சியையே எடுத்துக்கொள்வாள், அதுதான் நூலை நன்றாகப் பிடிக்கும் என்பாள். அதே கஞ்சியில்தான், அதே பானையில்தான், மருந்து சேர்ப்பதற்கு முன்னால் ஒரு அகப்பை எடுத்துப் பூனைக்கு ஊற்றுவாள் மாரிசெல்வி. தினமும் அவள்தான் ஊற்றினாள். பூனைக்கு அந்த வாசம்தான் சாப்பாடு, அந்த வாசமடித்த நூல் தட்டு தட்டாகக் கொல்லையில் காய்ந்தால் அது என்ன செய்யும்? தட்டில் ஓரங்கள் குறைகின்றன, எலி இழுக்கிறது என்றாள் அம்மா. எலி என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள். பூனை இருக்கிற வீட்டில் எலி என்று ஒத்துக்கொண்டபோது இருவருக்குமே சிரிப்பு வரவில்லை.

கூடை அசைந்தது. உள்ளே அந்த எக்கல், முதுகு வில்லாக வளைந்து, வயிறு உள்வாங்கி, ஒன்றும் வராமல் அடங்குவது. துப்பட்டாவின் இடுக்கில் ஒரு கண் தெரிந்தது, அவளைப் பார்க்கவில்லை, அவளுக்குப் பின்னால் யாரையோ பார்த்தது. இது எப்போதும் அப்படித்தான், வந்த நாளிலிருந்தே. கற்பகவல்லி அத்தைக்குக் காரியம் முடிந்த மறுநாள் வந்தது. அத்தை அம்மாவோடு ஒரே அறையில் வேலை பார்த்தவள், அம்மா அவளை மதினி என்று கூப்பிடுவாள், கம்பெனி வெடித்த அன்றைக்கு அம்மா தண்ணீர் குடிக்க வெளியே போனாள், அத்தை போகவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். பூனை வந்தபோது ஒரு பக்கத்து மீசை கருகிச் சுருண்டிருந்தது, எங்கோ அடுப்பில் மூக்கை நுழைத்திருக்கும், பூனை என்றால் அடுப்பில் படுக்கும்தானே. அதெல்லாம் சரி. ஆனால் வாசலில் இருக்கிற பித்தளைக் குடத்தை அது ஏன் தொடுகிறது? உள்ளே நுழைவதற்கு முன் நின்று, முன்னங்காலைத் தூக்கிக் குடத்தின் மேல் ஒரு நொடி வைத்து, எடுத்துவிட்டு, அப்புறம்தான் நிலைப்படியைத் தாண்டும். ஒரு நாள் தவறியதில்லை. கம்பெனியில் மருந்து அறைக்குள் நுழைகிறவர்கள் எல்லோரும் வாசலில் பதித்த செப்புத் தகட்டில் கை வைத்துவிட்டுத்தான் நுழைய வேண்டும், உடம்பில் இருக்கிற மின்சாரம் தரையில் இறங்கிவிடும், ஒரு பொறி கூட இருக்கக் கூடாது. பழகிப்போய் வீட்டுக்கு வரும்போதும் கற்பகவல்லி அத்தை எதையாவது தொட்டுவிட்டுத்தான் வருவாள், கதவுத் தாழ்ப்பாள், குடம், எதுவானாலும், "என்ன மதினி, எங்க வீடு என்ன மருந்து ரூமா?" என்று அம்மா கேலி பண்ணுவாள். அத்தை செத்தபோது அவர்கள் வீடு மருந்து ரூம் இல்லை. பூனை வந்தபோதும் இல்லை. பிறகுதான் ஆனது. அதை நினைத்தபோது மாரிசெல்விக்கு முதுகில் ஈரத்துணி படுவது போல இருந்தது, யாரோ முன்கூட்டியே கை வைத்துப் பழகிக்கொண்டிருந்த மாதிரி... பூனைக்கு அவர்கள் பெயர் வைக்கவில்லை. அம்மா வேண்டாம் என்றாள். ஆனால் ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரத்தில், வெளியே நின்ற பூனையைப் பார்த்து அம்மா மெதுவாக, "உள்ள வாங்க மதினி" என்று சொன்னதை அவள் கேட்டாள். கேட்டாள் என்று நினைக்கிறாள்.

போன் அதிர்ந்தது. அம்மாதான், தெருமுனைக் குழாயடியில் நின்று பேசுகிறாள், பின்னால் குடங்களின் சத்தம். "என்ன சொன்னாக?" என்றாள். ரத்தம், படம், ஸ்கேன் என்று மாரிசெல்வி சொன்னாள். அம்மா குழாயடியை விட்டுத் தள்ளிப் போனாள் போல, குடங்களின் சத்தம் குறைந்தது. "படம் மட்டும் எடுக்க விட்டுராத புள்ள." ஏன் என்று கேட்டாள், ஏன் என்று தெரிந்தும் கேட்டாள். அம்மா குரலை இறக்கினாள், "அந்த மிஷினுக்குள்ள கரண்டு ஓடுமா ஓடாதா? உள்ள அது இருந்து ஒரு பொறி பட்டுச்சுன்னா? பாவம் அந்த டாக்டரம்மா கையி போயிரும்." வயிற்றுக்குள் போன திரி நனைந்திருக்கும் அம்மா, நனைந்தது பற்றாது என்று சொல்ல வாயெடுத்தாள், சொல்லவில்லை, அவளுக்கும் நிச்சயமில்லை, நனைந்தது காய்ந்த பிறகு என்ன ஆகும் என்பதை அந்த ஊரில் பிறந்தவர்கள் யாரும் பந்தயம் வைத்துச் சொல்ல மாட்டார்கள். காற்று வறண்ட நாட்களில் அந்தப் பூனையைத் தடவினால் சடசடவென்று ஒரு மெல்லிய சத்தம் வரும், இருட்டில் மயிருக்குள் நீலமாக ஏதோ ஓடும், அதனாலேயே அம்மா அதை யாரையும் தடவ விடுவதில்லை. அந்தச் சத்தம் வெளியே, திரி உள்ளே, நடுவில் ஒரு தோல். "ரத்தமே எடுக்கச் சொல்லு" என்றாள் அம்மா, "ரத்தத்துல என்னத்த தெரியப்போவுது." பிறகு அம்மா, "ரொம்ப நோவுதா அதுக்கு?" என்று கேட்டாள். நோகுது என்றாள். "நான் உள்ள போயிட்டா ஒனக்கு யாருமில்ல, அதையும் பாத்துக்க" என்றாள் அம்மா. எந்த உள்ளே என்று சொல்லவில்லை, சொல்ல வேண்டியதுமில்லை, போன வாரம்தான் பக்கத்து ஊரில் ஒரு வீட்டைச் சோதனை போட்டு அந்த வீட்டுக்காரியை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ரத்தத்தில் என்ன தெரியப்போகிறது... அதுதான், அதே வாக்கியம்தான் அவள் மனசிலும் இருந்தது, அம்மாவின் வாயில் கேட்டபோதுதான் அடையாளம் தெரிந்தது. அவள் பெஞ்சில் உட்கார்ந்த நேரத்திலிருந்து எதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறாள்? எந்தச் சோதனை கண்டுபிடிக்கும் என்று பார்க்கவில்லை, எந்தச் சோதனை கண்டுபிடிக்காது என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள், தேங்காயைத் தட்டிப் பார்ப்பது போல. ரத்தம் எடுத்தால் நாளை வரை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். நாளை வரை பூனை இருக்குமா? டாக்டர் வயிற்றை அமுக்கியபோது அது கத்தவில்லை, அதுதான் டாக்டருக்குப் பிடிக்கவில்லை, முகம் மாறியது. வாயைத் திறக்கப் பார்த்தார், பூனை பல்லை இறுக்கிக்கொண்டது, இவ்வளவு தளர்ந்த உடம்பில் அந்தத் தாடைக்கு மட்டும் எங்கிருந்து அத்தனை பலம். "மயக்கம் குடுத்தாத்தான் வாயப் பாக்க முடியும். இந்த நெலமையில காரணம் இல்லாம மயக்கம் குடுக்க மாட்டேன், தாங்காது" என்றார் டாக்டர். காரணம் இல்லாமல். காரணத்தை அவள் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பூனையும் வாயைத் திறக்கவில்லை, அவளும் வாயைத் திறக்கவில்லை, இரண்டு பேரும் யாருக்காக? அது அம்மாவுக்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறதோ என்று ஒரு கணம் தோன்றியது, தட்டு தட்டாகக் காய்ந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று, அந்த வீட்டில் ஒரு விரற்கடை அளவுக்காவது அதைக் குறைத்து... சீ, பைத்தியம், கஞ்சி வாசம், அவ்வளவுதான், பூனைக்குக் கஞ்சி வாசம்.

உள்ளே யாரோ சாவிக்கொத்தை எடுக்கிற சத்தம். ஸ்கேன் பார்க்கிற அம்மாள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் நின்றார், டாக்டரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். முனியசாமி, "போ தாயி, நீ போ மொதல்ல, இந்தப் பய நின்னுக்கிட்டே ராத்திரி பூரா இருப்பான்" என்றார். அவள் எழுந்தாள். எழுந்தபோது கூடை கனமாக இருந்தது, வந்தபோது இவ்வளவு கனம் இல்லை. ரத்தம் என்று சொல்லப்போகிறோம் என்றுதான் நினைத்தாள், கதவைத் தள்ளும்போதும் அதுதான் நாக்கில் இருந்தது, மேஜையில் கூடையை வைத்துத் துப்பட்டாவின் முடிச்சை அவிழ்க்கும்போது பூனை தலையைத் தூக்கி அவள் மணிக்கட்டில் தாடையைத் தேய்த்தது, தேய்த்தது வலியால்தான், பாசத்தால் இல்லை, அந்த எச்சில் பட்ட இடம் சில்லென்று இருந்தது. "திரி" என்றாள் மாரிசெல்வி. அவள் குரல் யாருடையதோ போல வந்தது. "திரி முழுங்கியிருக்கு மேடம். வெடித் திரி. வீட்டுல... எங்க வீட்டுல அம்மா செய்றாக." பின்னால் 'என்று நினைக்கிறேன்' வருவதற்காக வாய் காத்திருந்தது, வரவில்லை.

இப்போது டாக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்திருப்பார், போனை எடுப்பார், இல்லாவிட்டால் கதவைச் சாத்துவார்... டாக்டர் பெர்சிஸ் ஸ்கேன் அம்மாளைப் பார்த்து, "கொஞ்சம் இருங்க இசபெல், பையக் கீழ வைங்க" என்றார். ஊசியை எடுத்தார். மாரிசெல்வி பூனையின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அது மெல்ல மெல்லத் தளர்ந்து, கடைசியாகத் தாடை தளர்ந்தது. டாக்டர் வாயைத் திறந்து கட்டை விரலால் கீழிருந்து நாக்கைத் தூக்கி விளக்கைக் கிட்டே பிடித்தார். நாக்கின் அடியில், வேரைச் சுற்றி, சதைக்குள் அழுந்தி ஒரு கறுப்பு வளையம். அதன் இரண்டு முனையும் தொண்டைக்குள் இறங்கிப் போனது. "இழுத்துரலாமா?" என்று கேட்டுவிட்டாள். "இழுத்தா கொடல அறுத்துரும். தொடக் கூடாது" என்றார் டாக்டர். அவளுக்குப் பார்க்க முடியவில்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை, வாயிலிருந்து திரி தெரிகிற ஒரு உருவத்தை அவள் பிறந்ததிலிருந்து ஆயிரம் முறை பார்த்திருக்கிறாள், அதற்குக் கண் இருந்து பார்த்ததில்லை. இசபெல் வயிற்றில் மயிரைச் சிரைத்துப் பசையைத் தடவிக் கருவியை வைத்தார், மாரிசெல்வி தன்னை அறியாமல் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள், யாரும் சிரிக்கவில்லை. திரையில் சாம்பல் நிறத்தில் மடிப்பு மடிப்பாக என்னவோ. "பாவாடைக்கு நாடா கோத்து இழுத்தா சுருங்குமில்ல, அப்பிடிக் கொடல் சுருங்கியிருக்கு பாரு" என்றார் டாக்டர், "நாளைக்குன்னு வச்சிருந்தா செத்திருக்கும். இப்பவே ஆப்பரேஷன் பண்றேன். பொழைக்குமான்னு கேக்காத. பண்றேன்."

கையைக் கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி, டாக்டர் சொன்னார், "நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல, நான் பூனை டாக்டர். ஆனா அம்மாகிட்ட சொல்லு, இது பூனையோட நிக்காது." சரி என்று தலையாட்டினாள், அவர் பார்க்கவில்லை என்பது அப்புறம்தான் புரிந்தது. "நீயாவது வாயத் தொறந்தியே. உங்க தெரு பேரச் சொல்லி வர்ற பூனை இது மொதப் பூனை இல்லம்மா. மத்தவுக எல்லாரும் தையல் நூலுன்னுதான் சாதிச்சாக. அதென்ன, உங்க தெருவுல வீட்டுக்கு வீடு தையல் மிஷினா இருக்கு?" இசபெல் சிரித்தார். மாரிசெல்வியும் சிரிக்கப் பார்த்தாள். உள்ளறைக் கதவு சாத்திக்கொண்டது. அவள் பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தாள், மடியில் கூடை காலியாக இருந்தது. அம்மாவுக்குப் போன் போட்டாள், அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அப்படியென்றால் அம்மா குழாயடியிலிருந்து திரும்பி உள்ளே போய்விட்டாள்.

அவர்கள் தெருவில் யாரிடம் தையல் மிஷின் இருக்கிறது? பேச்சியம்மாள் வீட்டில் இல்லை. முக்கு வீட்டில் இல்லை. தைக்கக் கொடுக்க வேண்டுமென்றால் எல்லோரும் சிவகாசிக்குத்தான் பஸ் ஏறுகிறார்கள், ஒரு பித்தான் தைக்கக் கூட. அடுத்த வீட்டுச் சொர்ணலட்சுமி அத்தையிடமும் இல்லை... சொர்ணலட்சுமி அத்தை வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், அந்தச் சுவரை ஒட்டித்தான் மாரிசெல்வி தலைவைத்துப் படுக்கிறாள், அந்தப்பக்கமிருந்து சமீபமாக ஒரு சத்தமும் வருவதில்லை, குழந்தை இருக்கிற வீடு, தட்டு விழுகிற சத்தம் கூட வருவதில்லை, நல்ல அண்டை வீடு என்று நினைத்திருந்தாள். அந்தக் குழந்தைக்குப் பிறந்தநாள் வந்தது, இந்த ஆவணியில்தான். வாசலில் மேஜை போட்டுக் கேக் வைத்தார்கள், வீட்டுக்குள் கூப்பிடவில்லை. கேக்கின் மேல் மெழுகுவத்திகள் நின்றன. யாரும் கொளுத்தவில்லை. "தீப்பெட்டியக் காணோம், எங்கிட்டோ வச்சுட்டேன்" என்றாள் சொர்ணலட்சுமி அத்தை, தீப்பெட்டி செய்கிற ஊரில் நின்றுகொண்டு. சுற்றி நின்றவர்களில் யாரும் நான் போய் எடுத்து வருகிறேன் என்று நகரவில்லை, அத்தனை பேரும் தெருக்காரர்கள், நாலு எட்டில் வீடு. சும்மா ஊது கண்ணு என்றார்கள். குழந்தை கன்னத்தை உப்பி, எரியாத மெழுகுவத்திகளை ஊதியது. ஒரு நொடி எல்லோரும் அவற்றையே பார்த்தார்கள், உண்மையிலேயே எதுவோ அணைந்ததைப் போல. பிறகு முதலில் கைதட்டியது அம்மாதான்.